மகளிர் காவல் நிலையத்தில் பெண் போலீஸ்தானே இருக்கிறார்கள், அங்கேயும் ஏன் ‘அனுசரித்துப் போ’ என்கிறார்கள்? இது மாற என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பெண் யாரோ மனுவோடு போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, என் தங்கைக்கு.

கணவர் அடித்ததில் அவளுக்குப் புருவத்துக்கு மேல் தையல். ஜி.எச்.சில் ஏ.ஆர். (காயத்தையும் அது எப்படி வந்தது என்பதையும் எழுதும் விபத்துப் பதிவேடு) போடும்போது “வீட்டுக்காரர்தான் அடித்தார்” என்று டாக்டரிடம் அவளே சொன்னாள். அந்தக் காப்பியோடு இரண்டு பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். எஸ்.ஐ. அம்மா மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்ட முதல் கேள்வி: “அவர் கை நீட்டுற அளவுக்கு நீ என்ன பேசின?” அவள் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பி, “அண்ணன்தானே நீங்க? எடுத்துச் சொல்லக் கூடாதா சார்? குழந்தை வேற இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் என்னோடுதான். குடிப்பாரா, எப்போதிலிருந்து அடிக்கிறார், நகை யாரிடம் இருக்கிறது, எல்லாமே என்னிடம். எனக்குத் தெரியாததை நான் அவளிடம் கேட்டு, அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னால் எழுதிக்கொண்டார். அடி வாங்கியவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரோடு வந்தார்கள். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று மாப்பிள்ளையிடமும், ‘மாமியாரை அனுசரித்து நடப்பேன்’ என்று தங்கையிடமும் எழுதி வாங்கினார்கள், ஒரே தாளில். மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. அந்தத் தாளை நம்பிப் போனவள் மறுபடியும் அடிபட்டுத்தான் வந்தாள்.

அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீலம்மா மூலம் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனு அதே நிலையத்துக்குத்தான் வந்தது. ஆனால் இந்த முறை விசாரித்தவர் ஒரு ஏட்டம்மா. “அண்ணன் வெளியே இருக்கட்டும்” என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தங்கை சொல்லச் சொல்ல, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினார். படித்துக் காட்டித் திருத்தம் கேட்டார். அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். ஆனது. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த ஏட்டம்மா செய்ததுதான். அவர் நல்ல மனசுக்காரர் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது, எந்த அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் கிடைக்க வேண்டும்.

பெண் அதிகாரியைப் போட்டால் பாரபட்சம் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்கள் நிறைந்த நிலையத்துக்குள் நுழையவே பயந்த எத்தனையோ பெண்கள் அதனால் படியேறினார்கள். ஆனால் ‘குடும்பம் உடையக் கூடாது, பெண்தான் பொறுக்க வேண்டும்’ என்ற எண்ணம் காக்கி போட்ட பெண்ணுக்கும் அவள் வளர்ந்த வீட்டிலிருந்தே வந்தது. மேலதிகாரியும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். வழக்குப் பதிந்தால் நிலையத்தின் குற்றக் கணக்கு ஏறும். பேசி அனுப்பினால் மனு முடிந்த கணக்கில் சேரும்.

ஹரியானாவில் 2015இல் மாவட்டந்தோறும் மகளிர் நிலையம் திறந்த பிறகு நடந்ததை ஆராய்ந்தவர்கள், சாதாரண நிலையங்கள் பெண்களை ‘அங்கே போ’ என்று தட்டிக்கழிப்பதையும், மகளிர் நிலையத்தில் சமரசம் பேசியே அனுப்புவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் வேறு வழியைச் சோதித்தார்கள். 180 சாதாரண நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் பெண்களுக்கென்று உதவி மேசை வைத்தார்கள். தனியாகப் பேச இடம், எப்படிக் கேட்டு எப்படிப் பதிய வேண்டும் என்ற நடைமுறை, பயிற்சி, எல்லாம் சேர்த்து. அந்த நிலையங்களில் பெண்களின் வழக்குகள் கூடுதலாகப் பதிவாயின. மேசையில் பெண் அதிகாரி இருந்த இடங்களில் எஃப்.ஐ.ஆர். இன்னும் அதிகம். அதாவது பெண் அதிகாரியும் வேண்டும், அவர் மீற முடியாத நடைமுறையும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைத்து விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெண் போலீஸையே குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திருவிழா, வி.ஐ.பி. பந்தோபஸ்து என்று அவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு, போக்சோ முதல் வரதட்சணை வரை அத்தனையும் அவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கே நியாயம் எளிதாகக் கிடைப்பதில்லை. 2021இல் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்த சிறப்பு டிஜிபி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது, வழியில் காரை மறித்தவர்களும் போலீஸ்தான். 2023இல் அந்த டிஜிபிக்கு மூன்று வருடத் தண்டனை கொடுத்தது விழுப்புரம் நீதிமன்றம். எஸ்.பி. பதவியில் இருந்த பெண்ணுக்கே இந்தக் கதி.

‘498ஏ-வைப் பொய்யாகப் போடுகிறார்கள், நீ ஆண்தானே, தெரியாதா’ என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. (498ஏ என்பது மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய சட்டப்பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 85ஆம் பிரிவு.) உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், யோசிக்காமல் கைது செய்யாதே என்றுதான் சொன்னது. புகாரை வாங்காதே என்று சொல்லவில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்ற 2013 லலிதா குமாரி தீர்ப்பில் குடும்ப வழக்குக்கு முதற்கட்ட விசாரணை செய்ய இடம் உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. பொய்ப் புகாரா என்று கண்டுபிடிக்கவும் முதலில் அதைப் பதிந்து விசாரிக்கத்தானே வேண்டும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிரிந்து வந்த பிறகு தங்கைக்குப் போலீஸைவிட அதிகம் அலைச்சல் வைத்தது ரேஷன் கார்டு. அவள் பெயரும் குழந்தை பெயரும் மாமியார் வீட்டுக் கார்டில். நீக்கிக் கொடுங்கள் என்று போனால், கணவரை அழைத்து வா என்றார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டியும் அதே பதில். தனிக் கார்டு இல்லாததால் மகளிர் உரிமைத் தொகைக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. அடித்தவனின் கையெழுத்தை வாங்கி வரச் சொல்கிற ஒவ்வொரு கவுன்டரும் அவளைத் திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான் தள்ளுகிறது. இதை யாரும் பேசுவதே இல்லை.

சரி, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். ஜி.எச்.சில் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொல்லவே கூடாது. யார் அடித்தது என்று சொல்லி, ஏ.ஆர். காப்பி வாங்க வேண்டும். நிலையத்தில் அவரே பேசட்டும். உங்களைப் பார்த்துக் கேட்டாலும் “அவங்களையே கேளுங்க மேடம்” என்று சொல்லுங்கள். ரசீது இல்லாமல் வர வேண்டாம், சமாதானத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி இருக்கிறது என்று சொல்ல வேண்டியதே போலீஸின் கடமை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். அவசரம் என்றால் 181க்கு அழையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, வக்கீல் இலவசம்.