அம்மா சைவம், எங்களுக்கு சுஷி ஆசை: ஜப்பானில் எங்கே உட்காருவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. வரும் நவம்பரில் நான், என் மனைவி, அம்மா மூவரும் எட்டு நாள் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் நான்கு நாள், கியோத்தோவில் நான்கு நாள். நானும் மனைவியும் மீன் சாப்பிடுவோம், ஆனால் பச்சை மீன் இதுவரை சாப்பிட்டதில்லை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஒரு தடவையாவது நல்ல சுஷி கடையின் கவுன்டரில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பெரிய கடைகளில் ஒருவருக்கு 30,000 யென்னுக்கு மேல் ஆகும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை

பதில்: வணக்கம். முதலில் அம்மா விஷயத்தைப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சுஷி கவுன்டருக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். உங்கள் மனைவியின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. இருந்தாலும் பல வருடம் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நின்று சுஷி பிடித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சுஷி என்றால் வினிகர் சாதத்தைப் பிடித்து மேலே மீன் துண்டு வைத்துத் தருவது. நல்ல சுஷி கடை என்பது பெரும்பாலும் எட்டு அல்லது பத்து நாற்காலி போட்ட சின்ன இடம். இன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் காலையில் மீன் வாங்குவோம். கடைசி நிமிடத்தில் மாற்றிச் செய்ய உள்ளே காய்கறிக் கூடை எதுவும் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு கடையில், ஒரு நாள் மாலை ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். கைத்துண்டு கொடுத்து, டீ வைத்த பிறகுதான் அந்த அம்மா தனக்கு இறால், நண்டு, சிப்பி எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றார். அன்றைய வரிசையில் ஐந்து துண்டு அந்த வகைதான். இருந்ததை வைத்து ஒப்பேற்றினோம். அவருக்கு ஒரே மீன் இரண்டு தடவை போனது. கடையின் மூத்த சமையல்காரர் அன்று இரவு கத்தியைக் கழுவும்போதுகூட முகம் தெளியாமல் இருந்தார். அவருக்கு அந்த அம்மாமேல் கோபமில்லை. வந்தவருக்கு நிறைவாகப் போட முடியவில்லையே என்ற வருத்தம்தான். முன்பதிவு செய்யும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் வேறு மீன் வாங்கி வந்திருப்போம். உங்கள் இருவருக்கும் ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால், பதிவு செய்யும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஜப்பானில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் துண்டு கண்ணில் படாது, சாறில் இருக்கும். அந்தச் சாறுக்கு தாஷி என்று பெயர். கத்சுஒபுஷி என்ற காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், இரண்டும் ஒரே சூரை மீன்தான். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் ஊதோன் நூடுல்ஸ் குழம்பிலும் அது இருக்கும். சைவம் என்று பலரும் நம்பிச் சாப்பிடும் இனாரி, அதாவது பொரித்த தோஃபு (சோயா பனீர்) பைக்குள் சாதம் அடைத்தது, அதையும் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைப்பார்கள். சுஷி வகையில் அம்மா பயமில்லாமல் சாப்பிடக்கூடியது கப்பா மாக்கி என்ற சுருட்டிய சுஷி: வெள்ளரிக்காய், வினிகர் சாதம், கடல்பாசித் தாள், அவ்வளவுதான்.

மூவரும் சேர்ந்து உட்காருவதற்கு நான் சொல்லும் இடம் கியோத்தோவில் இருக்கிறது. அரஷியாமாவில் தென்ர்யூஜி என்ற ஜென் கோயில். அதன் வளாகத்துக்குள்ளேயே மதியம் ஷோஜின் ரியோரி பரிமாறுகிறார்கள். பௌத்தத் துறவிகளின் சமையல் அது. மீனும் இறைச்சியும் கிடையாது, வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். தாஷியைக் கொம்பு என்ற கடல்பாசியிலிருந்தும் காளானிலிருந்தும் எடுப்பார்கள். எள்ளை அரைத்துக் கிண்டிய எள் தோஃபுவை வாயில் வைத்தால் அப்படியே கரையும். சின்னச் சின்னக் கிண்ணங்களில், பாய் விரித்த அறையில், தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பதிவு செய்யும்போதே நாற்காலி உண்டா என்று கேட்டு வையுங்கள். உங்கள் அம்மா ஜப்பானிய உணவின் உச்சத்தை ருசிக்கப் போவது அங்கேதான். உங்கள் சுஷியைவிட அது ஒரு படி குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

டோக்கியோவில் ஒரு வேளை, மூவருமாகச் சுற்றும் பட்டை சுஷிக்கும் போகலாம். கைதென்சுஷி என்பார்கள். 1958-இல் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் ஒசாகா பக்கம் தொடங்கியது. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பட்டையில் ஓடுவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. இப்போது பல கடைகளில் தட்டுகள் சுற்றுவதில்லை, திரையில் தொட்டால் நேராக உங்கள் முன்னால் வந்து நிற்கும். மலிவான கடைகளில் ஒரு தட்டு 100 யென்னுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கும். பச்சை மீன் பழக்கமில்லாத உங்களுக்கு அதுதான் ஒத்திகை. ஒரு தட்டு பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டமில்லை. அம்மாவுக்கு வெள்ளரிக்காய் மாக்கி இரண்டு தட்டு சொல்லுங்கள். மேசையில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், கறுப்புப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும். அது கை கழுவ அல்ல! டீக்கான கொதிநீர். புதிதாக வருபவர்கள் கையை நீட்டிச் சுட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். உட்கார்ந்ததும் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் இருவரின் கவுன்டர். 30,000 யென் கடையைத் துரத்தாதீர்கள். பச்சை மீனை முதல் தடவை சாப்பிடும் நாக்குக்கு அந்த நுட்பம் பிடிபடாது. பணமும் பதற்றமும்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக மதியம் போங்கள். இரவில் நிறையப் பணம் வாங்கும் கடைகள்கூட மதியத்தில் அதே சாதம், அதே கையோடு குறைந்த விலைக்குத் தருகின்றன. 4,000, 5,000 யென்னுக்கு மனம் நிறையச் சாப்பிடக்கூடிய அக்கம்பக்கத்துக் கவுன்டர்கள் டோக்கியோவில் இருக்கின்றன. தங்கும் விடுதியில் சொன்னால் அவர்களே போன் போட்டுப் பதிவு செய்து தருவார்கள். ஒமாகாசே என்றால் ‘உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்’ என்று அர்த்தம். ஒகிமாரி என்றால் இத்தனை துண்டு இந்த விலை என்று முன்பே வகுத்த செட். முதல் தடவைக்கு ஒகிமாரியே போதும், எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பச்சை மீன் பயத்துக்கு ஒரு விஷயம். டோக்கியோவின் பழைய பாணி சுஷியில் எல்லாமே பச்சை கிடையாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பிறந்த சமையல் அது. மீன் கெடாமல் இருக்க உப்பிட்டார்கள், வினிகரில் போட்டார்கள், வேகவைத்தார்கள், சோயா சாஸில் ஊறவைத்தார்கள். கோஹாதா என்று ஒரு மீன் இருக்கிறது, நம் மத்திக்குத் தூரத்து உறவு, வெள்ளித் தோலில் கரும்புள்ளி வரிசை. வாங்கி வந்ததும் செதில் சீவி, வயிற்றைப் பிளந்து விரித்து, உப்புத் தூவி வைப்போம். உப்பு எத்தனை நிமிடம் என்பது மீனின் பருமனையும் கொழுப்பையும் பொறுத்து அன்றன்றைக்கு மாறும், விரலால் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் கழுவி வினிகர். ஒரு கடையின் தரத்தை அறிய நான் முதலில் கேட்பது அந்த மீனைத்தான், விலை உயர்ந்த சூரையின் வயிற்றுக் கொழுப்பை அல்ல. நீங்கள் போகும் நவம்பரில் கானாங்கெளுத்தி இனத்தைச் சேர்ந்த சாபாவும் கொழுப்பேறி அருமையாக இருக்கும், அதையும் உப்பும் வினிகரும் போட்டுத்தான் தருவார்கள். கடல் விலாங்கான அனாகோ முழுக்க வெந்தது, பஞ்சு மாதிரி இருக்கும். உட்கார்ந்ததும் ‘ஹாஜிமேதே தெஸ்’ என்று சொல்லுங்கள், முதல் தடவை என்று பொருள். எந்தச் சமையல்காரரும் உங்களை அன்பாகப் பார்த்துக்கொள்வார்.

நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. கையால் சாப்பிடலாம், நம் ஊர்க்காரர்களுக்கு அது சந்தோஷமான செய்தி. சோயா தொட்டால் மீன் பக்கம் தொடுங்கள், சாதப் பக்கம் தொட்டால் உதிர்ந்துவிடும். சமையல்காரரே மேலே தடவித் தந்திருந்தால் தொடவே வேண்டாம். இஞ்சியைத் துண்டின்மேல் வைக்காதீர்கள், ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய அது. வசாபி என்ற காரமான பச்சை விழுது வேண்டாமென்றால் ‘சாபி நுகி’ என்று சொல்லுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், அதே கவுன்டரில் பக்கத்தில் இருப்பவருக்கும் மீனின் மணம் போய்விடும்.

உண்மையில் எனக்கு மனசு வலிப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான். சுஷி சாதம் கையின் சூட்டில் இருக்கும்போது பிடித்து வைக்கிறோம், மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. அந்த இரண்டும் வாய்க்குள் சேரும்போதுதான் ருசி. வைத்த துண்டைப் பக்கவாட்டில் ஒன்று, மேலேயிருந்து ஒன்று, மனைவியோடு சேர்த்து ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் சாதம் ஆறிவிடும், பாசித் தாள் சுற்றிய துண்டாக இருந்தால் தாள் நமுத்துப்போகும். முதல் துண்டை வேண்டுமானால் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுங்கள். அதன் பிறகு வைத்த நொடியில் எடுத்து, ஒரே வாயில் போடுங்கள். பெரிதாகத் தெரிந்தால் ‘ஷாரி சீசாமே’ என்று கேளுங்கள், சாதத்தைக் குறைத்துப் பிடிப்பார்கள். முடிந்ததும் ‘ஒகாய்கேய்’ என்றால் பில் வரும். டிப்ஸ் வைக்க வேண்டாம், அந்த ஊரில் பழக்கமில்லை. எழுந்து வரும்போது ‘கோச்சிசோஸாமா’ என்று சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். எங்களுக்கு அது போதும்.

பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரயில் பாஸை யோசிக்காமல் வாங்காதீர்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோ–கியோத்தோ போய்வர ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் 28,000 யென் அளவில்தான் ஆகும். நவம்பர் பின்பாதியில் கியோத்தோவில் இலைகள் சிவக்கும் நேரம், கூட்டம் நெரியும், அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். அம்மாவுக்கு நாக்கு செத்துப்போனால் டோக்கியோவில் நிஷி-கசாய் போங்கள், இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி, தோசை கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேலை. ‘இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி சாப்பிட மாட்டேன்’ என்று விடுதியில் ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள் பர்ஸில் வைக்காமல் அம்மாவின் கைப்பையில் வையுங்கள். நீங்கள் இருவரும் கவுன்டரில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் விடுதி அறையில் இருக்கும் அவருக்குப் பசித்தால், கீழே இறங்கி அவரே காட்டிக் கேட்டுச் சாப்பிடலாம்.