கேட்டு வாங்க வேண்டியது நேரத்தை

கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். போன மாதம் பக்கத்து வீட்டில் மாடி எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். மீட்டிங்கில் நான் பேச ஆரம்பிக்கும்போதுதான் ட்ரில்லிங் மெஷின் ஓடுகிறது. பக்கத்தில் ஒருத்தி வேலை செய்கிறாள் என்று அவர்களுக்கே தெரிய வேண்டாமா? பேசப் போனால் சண்டையாகிவிடுமோ என்று இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் புகார் கொடுத்து வேலையை நிறுத்திவிடலாமா?

பதில்: தெரியாது அம்மா. நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. சுவரில் துளை போடுகிறவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் மீட்டிங் கேட்காது. ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, முதல் பேச்சே புகாராக இருக்கட்டும் என்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் இடத்தில் வீடு கட்டப் பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. உங்கள் வீடு உங்களுக்கு அலுவலகம் ஆனது உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் உள்ள ஏற்பாடு. அதைத் தெரிந்துகொண்டு நடக்கும் கடமை, நீங்கள் தெரிவித்த பிறகுதான் அவருக்கு வருகிறது.

உங்கள் கஷ்டம் சின்னது என்று சொல்லவில்லை. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தைக் கேட்டவர்கள், சத்தம் நின்ற பிறகும் பிழை திருத்தும் வேலையில் அதிகம் தவறினார்கள். விடை இல்லாத புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள். அதே சத்தம் குறித்த இடைவெளியில் வந்தபோது பாதிப்பு குறைந்தது. இன்னொரு குழுவிடம் ஒரு பொத்தானைக் காட்டி, வேண்டுமானால் அழுத்திச் சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. நிறுத்த முடியும் என்ற எண்ணமே அவர்களைக் காப்பாற்றியது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அமைதியை அல்ல, நேரத்தை. வேலை தொடங்கும் முன்பு, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து நிற்கும் வேளையாகப் பார்த்துப் போங்கள். "நாள் முழுக்க வேலை நடக்கட்டும். 11 மணியிலிருந்து 12 வரை எனக்கு மீட்டிங். அந்த ஒரு மணி நேரம் மட்டும் உடைக்கிற, துளை போடுகிற வேலை வேண்டாம். கலவை போடுவது, பூசுவது நடக்கட்டும்" என்று சொல்லுங்கள். சத்தமே கூடாது என்றால் யாராலும் தர முடியாது. ஒரு மணி நேரத்துக்கு வேலையை மாற்றி வைப்பது மேஸ்திரிக்குப் பெரிய சிரமம் இல்லை. கையோடு அவரிடம் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, மறுநாள் என்ன வேலை என்று முந்தின மாலையே சொல்லச் சொல்லுங்கள். டைல்ஸ் வெட்டும் மெஷினை உங்கள் ஜன்னலிலிருந்து தள்ளி, மறுபக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசியும் குறையும். அது வெட்டுகிறவரின் நுரையீரலுக்கும் நல்லது.

கட்டட வேலை எல்லா நாளும் ஒரே மாதிரி இரையாது. உடைப்பதும், வயரிங்குக்காகவும் பைப்புக்காகவும் சுவரை வெட்டுவதும், டைல்ஸ் வெட்டுவதும்தான் உயிரை எடுக்கும். செங்கல் வைப்பதும் பூசுவதும் பெயின்ட் அடிப்பதும் பெரும்பாலும் தாங்கக்கூடியவை. தளம் போடும் நாளில் மட்டும் எதுவும் கேட்காதீர்கள். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் சரியாக ஒட்டாமல் பலவீனமான இணைப்பு விழும். அன்றைக்கு நீங்கள்தான் வேறு இடம் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் பக்கம் என்ன செய்வது? பொதுச் சுவரை ஒட்டி மேஜை போட்டிருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். துளை போடும் அதிர்வு சுவர் வழியாகவே உங்கள் வீட்டுக்குள் வருகிறது. ஜன்னலைச் சாத்தி அதைத் தடுக்க முடியாது. தூரமான அறைதான் கொஞ்சம் உதவும். இரைச்சலை நீக்கும் ஹெட்போன் என்று விற்கிறார்களே, அது மின்விசிறி, ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை நன்றாகக் குறைக்கும். சுத்தியல் அடியிலும் வெட்டும் மெஷினின் கீச்சிலும் அவ்வளவு பலன் இருக்காது. அதற்குக் காதுக்குள் வைக்கும் ஃபோம் அடைப்பானே மேல். மீட்டிங்கில் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் உங்கள் குரல் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடிப் போய்ச் சேரும். அலுவலகத்திலும் இந்த நிலையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் அவர்கள் உங்கள் வேலையில்தான் குறை காண்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்து வேலை செய்பவர்களைத் திட்டாதீர்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் சத்தம் 100ஐ நெருங்கும். டெசிபலில் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இந்த 40 வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் போனால் காதுக்குக் கேடு என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. உங்களுக்குச் சுவரைத் தாண்டி வருவதை அவர்கள் காதோரத்தில் வாங்குகிறார்கள், பல இடங்களில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். நேரத்தை முடிவு செய்பவர் வீட்டுக்காரர். பேச்சை அவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பேசி, ஒப்புக்கொண்ட நேரத்தை அவர் திரும்பத் திரும்ப மீறினால், ராத்திரியிலும் மெஷின் ஓடினால், புகார் கொடுங்கள். அப்போது நானே கொடுக்கச் சொல்வேன். கட்டட வேலைக்கு உங்கள் ஊரில் அனுமதித்த நேரம் எது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வேலை, நீங்கள் எப்போது பேசினீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்திருந்தால் புகாருக்குப் பலம். அப்புறம், பொதுச் சுவர் என்பதால் உங்கள் பக்கச் சுவரை இன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு விரிசல் விட்டால் முன்பே இருந்ததா, புதிதா என்ற வாக்குவாதம் வராது.