பள்ளித் தோட்டத்துக்கு உதவ வருகிறவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: விவசாய வகுப்புக்கு உதவ முதல் மாதம் பத்துப் பேர் வந்தார்கள். இப்போது இரண்டே பேர். ஆர்வம் ஏன் வற்றுகிறது?

பதில்: பெரும்பாலும் ஆர்வம் வற்றுவதில்லை, வேலைதான் பொருந்தாமல் போகிறது. தன்னார்வலர் நோக்கங்களை அளக்க உளவியலாளர்கள் கிளாரி, ஸ்னைடர் குழுவினர் 1998-ல் வெளியிட்ட 30 வரிப் படிவம் ஆறு நோக்கங்களைப் பிரிக்கிறது: கொள்கை, கற்கும் ஆசை, பழக்க வட்டம், தொழில் பயன், மனபாரம் குறைதல், தன்மதிப்பு. வந்த நோக்கத்துக்கேற்ற வேலை கிடைத்தவருக்கே திருப்தி அதிகம்.

படிவமெல்லாம் வேண்டாம். முதல் நாளே "எதைச் செய்தால் அடுத்த மாதமும் வருவீர்கள்?" என்று கேளுங்கள். ஆள்கூட்டம் பிடித்தவரைத் தனியே களை பறிக்க விட்டால் மறுவாரம் வரமாட்டார். அவருக்கு அறுவடை நாள்தான் சரி. வேலைக்கு ஆள் தேடும் நாற்றுப்பண்ணைக்காரரிடம் மாணவர்களுக்குப் பதியம் போடக் கற்றுத்தரச் சொல்லுங்கள். "வந்து உதவுங்கள்" என்ற பொது அழைப்பு எடுபடாது. "சனி காலை 8 முதல் 10 வரை, சொட்டுநீர் லேட்டரல்களின் (செடி வரிசையில் ஓடும் சிறு குழாய்கள்) எண்ட் கேப்பை, அதாவது முனை மூடியைக் கழற்றி, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும்" என்றால் வருவார்கள்.

கேள்வி: உரக்கடைக்காரர் இலவசமாக விதை தருகிறார். விளம்பரத்துக்குத்தானே?

பதில்: கொஞ்சம் அதுவும்தான், இருக்கட்டுமே. விளம்பரப் பலகை எந்த அளவு, எத்தனை மாதம் என்று மட்டும் எழுதி வாங்குங்கள். காலாவதியான பூச்சிமருந்தைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பழைய விதையென்றால் ஈரத்தாளில் 100 விதை சுருட்டி, தாள் காயாமல் வைத்து, முளைத்ததை எண்ணுங்கள், அதுவே சதவீதம். மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்கணும். முளைக்காத பாத்தியால் கொடுத்தவருக்கும் சங்கடம்.

கேள்வி: நீண்ட விடுமுறையில் தண்ணீர் விட ஆளில்லை.

பதில்: இங்கேதான் பல தோட்டங்கள் படுத்துவிடுகின்றன. விடுமுறைக்கு முந்தைய மாதம் தக்காளி நடாதீர்கள். 30 நாளில் முடியும் முளைக்கீரை, சிறுகீரை போதும். நிற்கும் செடிகளுக்கு மூன்று அங்குல மூடாக்கு (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்), தண்டை ஒட்டாமல். ஒரு முறைக்கு இருவர் பெயர் போடுங்கள், சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். டைமர் வைத்தாலும் ஃபில்டர் அடைத்தால் தண்ணீர் போகாது, ஆகவே வாரம் ஒருவர் எட்டிப் பார்த்தே ஆகணும்.

கேள்வி: நன்றிக்கு ஷீல்டு கொடுக்கலாமா?

பதில்: பாராட்டை விரும்பி வருகிறவருக்குக் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு மாணவர் கையெழுத்தில் அரைப்பக்கம்: நீங்கள் தந்த குழாய் எந்தப் பாத்தியில் ஓடுகிறது, எத்தனை கிலோ எடுத்தோம், எது பட்டுப்போனது. பட்டுப்போனதை மறைக்காதீர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் அனுபவசாலி நேரில் வருவார்.