சூரை மீன் சாப்பிட்டுத் தடித்தால் அலர்ஜிதானா?

கேள்வி: எனக்கு ஊர் ஒட்டுசுட்டான். போன கிழமை சூரைக் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகமும் கழுத்தும் சிவந்து தடித்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தது. மகளுக்கும் அப்படியே. ஊசி போட்டதும் இறங்கிவிட்டது. மீன் அலர்ஜி, இனித் தொடக்கூடாது என்கிறார்கள். சின்ன வயதிலிருந்து மீன் சாப்பிட்டவள் நான். உண்மைதானா?

பதில்: "மகளுக்கும் அப்படியே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். ஒரே சட்டிக் கறியால் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது மீனைத்தான், உங்கள் உடம்பை அல்ல.

சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். குளிரில்லாமல் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அலர்ஜியில் நம் உடம்பே வெளிவிடுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒரே ஊசிக்கு அடங்கும்.

முல்லைத்தீவுக் கரையில் விடிய ஏற்றிய மீன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் உங்கள் கேற்றடிக்கு வரும்போது பத்து மணி வெயில். பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஐஸ் கரைந்து வெதுவெதுத்த தண்ணீர்தான் கிடந்தால் வாங்காதீர்கள். செவுள் சிவப்பாக, மணம் நன்றாக இருந்தாலும் நம்ப முடியாது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் புளி விட்டாலும் ஹிஸ்டமின் போகாது, பிறகு பிரிட்ஜில் வைத்தும் பயனில்லை. சிலருக்கு முதல் வாயிலேயே மிளகு கடித்ததுபோல நாக்கு எரியும். அப்படி எரிந்தால், மனம் கேட்காவிட்டாலும் சட்டியோடு கொட்டிவிடுங்கள்.

சரி, அதற்காக நாளைக்கே மீன் வாங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், வேறு யாருக்கு வந்தது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தோல் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். அலர்ஜி இல்லை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். முத்தையன்கட்டுக் குளத்துத் திலாப்பியாவில் இந்தத் தொல்லை குறைவு. கடல்மீன் என்றால் வாங்கியவுடன் சமையுங்கள், அல்லது 4 பாகை செல்சியஸுக்குக் கீழே வையுங்கள்.

தொண்டை இறுகினால், மூச்சு இழுப்பு வந்தால், மயக்கம் வந்தால் காரணம் எதுவென்று யோசிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வீட்டில் யாராவது காசநோய்க்கு ஐசோனியசிட் குளிசை எடுத்தால், ஹிஸ்டமினை உடம்பு உடைப்பதை அது தடுக்கும். அவருக்குக் கொஞ்ச மீனே கடுமையாகத் தாக்கலாம். அந்தக் குளிசை முடியும்வரை அவருக்குச் சூரை வேண்டாம்.