சர்ஜன் ஆகிப் பல்கலைக்கழகத்தையும் நடத்தலாமா? காரைக்குடித் தாய் ஒருவருக்குப் பதில்

ஆச்சி, வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகள், “சர்ஜன் ஆவேன், பிறகு ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்துவேன்” என்கிறாள். அவள் அப்பச்சியோ, அதாவது உங்கள் கணவரோ, “டாக்டரா, வாத்தியாரா, ஒன்றைச் சொல்” என்கிறார். இதுதானே உங்கள் கவலை? இரண்டும் ஒரே பாதையில் வருபவைதான். அந்தப் பாதை எந்த இடத்தில் பிரிகிறது என்பதை மட்டும் நீங்கள் மூவரும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படி வாழ்ந்து காட்டியவர்களுக்குப் பஞ்சமில்லை. கண் மருத்துவப் பேராசிரியரான மைக்கேல் டிரேக், 2014-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும், 2020-இல் பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் தலைவரானார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த மகப்பேறு மருத்துவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1947 ஜூலையில் சென்னைக் கூட்டம் ஒன்றில், வெளியூர்களில் கலைக் கல்லூரி தொடங்க வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அங்கே இருந்த தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரியைத் திறந்துவிட்டார். இன்று உங்கள் ஊரில் அழகப்பா பல்கலைக்கழகம் நிற்பதற்கு முதல் வித்து அதுதான். பிரசவம் பார்த்த கைக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பச்சி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனிக் காலக்கணக்கு. நீட் தேர்வு, எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. மறுபடி முதுநிலை நீட், அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பான எம்.எஸ். மூன்றாண்டு. குழந்தைகள் அறுவை, நரம்பியல் அறுவை போன்ற சிறப்புப் பிரிவு வேண்டுமென்றால் எம்.சிஎச். இன்னும் மூன்றாண்டு. தடங்கலே இல்லாமல் போனாலும் எம்.எஸ். முடிக்கும்போது அவளுக்கு இருபத்தேழு வயதாவது ஆகிவிடும்.

பாதை பிரிவது அங்கேதான். தனியார் மருத்துவமனைகள் நல்ல சம்பளத்தோடு அழைக்கும். சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்துவிடலாம் என்று அப்பச்சிக்கும் தோன்றும். அதில் பாசம் இருக்கிறது, தவறில்லை. ஆனால் அங்கே எத்தனை ஆயிரம் அறுவை செய்தாலும் கற்பித்த அனுபவம் ஐந்தொகையில் ஏறாது. துணைவேந்தர் பதவிக்குப் பொதுவாகப் பேராசிரியராகவே பத்தாண்டு கேட்பார்கள். பேராசிரியர் ஆவதற்கு எம்.எஸ். முடித்து ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் (மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மூத்த உறைவிட மருத்துவர்), நான்காண்டு உதவிப் பேராசிரியர், மூன்றாண்டு இணைப் பேராசிரியர் என்று வர வேண்டும். இடையில் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும். பதவி உயர்வு தாமதமாவதும் உண்டு. ஆக, ஐம்பது வயதுக்கு முன்னால் அந்த நாற்காலியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கிடைத்தாலும் நம் மாநிலத்தில் பதவிக்காலம் மூன்றாண்டுதான். அந்த மூன்றாண்டுக்காக முப்பதாண்டைக் காத்திருப்பில் கழிக்கக் கூடாது. இடைப்பட்ட வேலையே அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது? காலையில் வார்டு. கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நிற்பார்கள். “உன் கை சில்லென்று இருக்கிறது, உரசிச் சூடாக்கிக்கொண்டு தொடு. அழுத்தும்போது வயிற்றைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பார், வலி முகத்தில்தான் தெரியும்” என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிறவர்களுக்குச் சலிக்காமல் சொல்ல வேண்டும். பிறகு அறுவை அரங்கம். தான் அரை மணி நேரத்தில் முடித்துவிடக்கூடியதை மாணவன் ஒரு மணி நேரம் செய்ய, பக்கத்தில் நின்று பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் ஆசிரியரை உருவாக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கப்புறம்தான் துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் என்ற நிர்வாகப் படிகள் வருகின்றன. தேர்வு, கல்லூரிகளுக்கு அங்கீகாரம், நிதி, வழக்கு என்று கோப்புகள் குவியும். கத்தியைத் தொடும் நேரம் குறைந்துகொண்டே போகும். மகளுக்கு இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சில. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவில் சேருங்கள். கணிதமும் சேர்ந்திருந்தால் நீட் கைகூடாவிட்டாலும் வேறு கதவுகள் திறந்திருக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவள் என்றால், பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடிக்கட்டும், மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நோயாளிகள் கூட்டத்தைப் பாருங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; அங்கே கை பழகும். எம்.எஸ். முடிந்ததும் சீனியர் ரெசிடென்ட் பணியில் சேரட்டும். ஆஸ்பத்திரிக்கு இடம் வாங்கும் பேச்சை அதுவரை அப்பச்சி தள்ளி வைக்கட்டும்.