நடிகர் முகம் எதற்கு?

கேள்வி: பிரபலமான ஒரு கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாங்களே புதுக்கதை எழுதுவார்களே, பலரும் கொண்டாடும் அப்படியொரு ஃபேன் ஃபிக்‌ஷன் தொடருக்கு ஆறு படங்கள் வரைந்து, எழுதியவருக்கு அனுப்பினேன். திரைப்படத்தில் அந்தப் பாத்திரங்களாக நடித்தவர்களின் முகம் அச்சு அசலாக வந்திருக்கிறது. 'அழகு, நன்றி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கதையையும் படங்களையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டு விற்கலாமா என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. ஓவியன் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பதில்: இளக்காரம் இல்லை. அவருடைய கதைக்கு நீங்கள் இன்னும் படம் வரையவில்லை, அவ்வளவுதான்.

இடம் கருதி உங்கள் கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டேன். வெட்டிய பாதியில் அந்தக் கதையை வாயாரப் புகழ்ந்திருக்கிறீர்கள். போர் முடிந்து இருபது வருடம் ஆகிறது, நாயகிக்கு நரை கண்டுவிட்டது, வலது கை விளங்காததால் இடது கையால் எழுதப் பழகுகிறாள். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களிலும் தேடிப் பார்த்தேன். நரையும் இல்லை, அந்தக் கையும் இல்லை. ஒப்பனை கலையாத இருபத்தைந்து வயது நடிகைதான் ஆறிலும் நிற்கிறார். அவரைத் திரைப்படத்திலேயே பார்த்தாயிற்றே! மூலக்கதை விட்டுவைத்ததை எழுதத்தான் ஒருவர் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத உட்காருகிறார். அவர் புதிதாகச் சேர்த்ததை மட்டும் குறிபார்த்துத் தவிர்த்திருக்கிறீர்கள்.

ஓவியன் எழுத்துக்கு அடிமையா என்று கேட்பீர்கள். இல்லைதான். 1891-இல் ஸ்ட்ராண்ட் இதழில் ஷெர்லக் ஹோம்ஸை வரைந்த சிட்னி பேஜெட், தன் தம்பி வால்டரை மாதிரியாக வைத்துக்கொண்டார் என்று ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலே சொல்லியிருக்கிறார். டாயில் மனதில் இருந்த ஹோம்ஸுக்கு அத்தனை அழகு கிடையாது. ஆனாலும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 'தலையோடு ஒட்டிய துணித்தொப்பி' என்று கதையில் ஒரு வரி வரும். பேஜெட் அதை மான் வேட்டைக்காரர் தொப்பியாக வரைந்தார். இன்றைக்கு அந்தத் தொப்பியைப் பார்த்தாலே ஹோம்ஸ்தான். மீறலாம், தாராளமாக. வரியைப் படித்துவிட்டு மீறுங்கள்.

அப்புறம் அந்த விற்பனை யோசனை. பதில் வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பாத்திரங்கள் மூல ஆசிரியருடையவை, வாக்கியங்கள் இவருடையவை, கோடுகள் உங்களுடையவை. இதில் காசு புகுந்தால் காப்புரிமைச் சிக்கலில் முதலில் மாட்டுவது கதை எழுதியவர்தான். காசு வாங்காமல் எழுதுவது இவர்களுக்கு ஒரு கவசம். அதுவும் முழுக் கவசமில்லை. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற பெரிய ஃபேன் ஃபிக்‌ஷன் சேமிப்பகத்தை லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றுதான் நடத்துகிறது. அங்கே வியாபாரத்துக்கு விதியிலேயே தடை உண்டு. ரசிகர் கதைகளை யாரோ பைண்டு செய்து விற்கக் கிளம்பியதைப் பார்த்து, தங்கள் கதைகளையே எடுத்துவிட்ட எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஆசையாகத்தான் கேட்டிருப்பீர்கள், தெரிகிறது. அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

ரசிகர்களிடையே 'பிக் பேங்' என்று ஒரு வழக்கம் உண்டு. எழுதுபவர் நீண்ட கதையின் வரைவை முன்கூட்டியே கொடுப்பார், ஓவியர் அதைப் படித்து வரைவார், இரண்டும் சேர்ந்து வெளிவரும். ஒருமுறை அதில் சேர்ந்து பாருங்கள். வரைவதற்கு முன் படித்தே ஆக வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இப்போதைக்கு, புத்தக யோசனையைக் கைவிட்டதாக அவருக்கு எழுதிவிட்டு, அந்த இடது கைக் காட்சியை வரையலாமா என்று கேளுங்கள். நடிகையின் புகைப்படத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.