துலரீமியாவுக்கு ஏன் பென்சிலின் கொடுப்பதில்லை? ஏன் இத்தனை நாள் மருந்து?

துலரீமியா என்பது 'பிரான்சிசெல்லா துலரென்சிஸ்' என்ற பாக்டீரியாவால் வரும் தொற்று. முயல், எலி போன்ற விலங்குகளைத் தொடுவதாலும் உண்ணி கடிப்பதாலும் மனிதருக்கு வரும். அதனால் முயல் காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

இந்தக் கிருமி பென்சிலினையும் அதன் உறவு மருந்துகளையும் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது, அவை பயன்படா. இன்னொரு சிக்கல், கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய காவல் செல்களுக்குள்ளேயே இது புகுந்து பெருகுகிறது. திருடன் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்ட மாதிரி. வெளியே எவ்வளவு தேடினாலும் கிடைக்கமாட்டான்.

நோய் கடுமையாக இருந்தால் ஜென்டாமைசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுவார்கள். லேசாக இருந்தால் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். மருந்தையும் தீவிரத்தையும் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 21 நாள். டாக்சிசைக்ளினுக்குத்தான் அதிக நாள், காரணம் அது கிருமியைக் கொல்வதைவிட வளரவிடாமல் தடுக்கிறது. மிச்ச வேலையை உடல்தான் முடிக்க வேண்டும். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். தயவுசெய்து அப்போது நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பி வர வாய்ப்புண்டு. வீங்கிய நெறிக்கட்டி வடியத் தாமதமானால் மருத்துவரிடம் காட்டுங்கள், சீழை வெளியேற்றவும் நேரலாம்.

நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதாக அறியப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம்.